2024–25 ஆண்டறிக்கை: பொதுக்குழுவில் செயலாளர் வாசித்தது

தலைவர் அவர்களே, செயற்குழு உறுப்பினர்களே, பெற்றோர்களே, ஆசிரியைகளே, ஆயாம்மாக்களே, எல்லோருக்கும் வணக்கம்.

நம் சிறப்புப் பள்ளியின் 2024 ஏப்ரல் முதல் 2025 மார்ச் வரையிலான அறிக்கை இது. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். செயற்குழுக் கூட்டங்கள், தீர்மானங்கள் எல்லாம் மினிட்ஸ் நோட்டில் இருக்கின்றன; வேண்டியவர்கள் புரட்டிப் பார்க்கலாம். போன ஆண்டு 34 பிள்ளைகள் இருந்தார்கள், இப்போது 37. பாதிக்கு மேல் மூளை முடக்குவாதம் உள்ளவர்கள். மற்றவர்களுக்கு ஆட்டிசம், டவுன் சிண்ட்ரோம், அறிவுசார் குறைபாடு.

இந்த வருஷத்துக் கதை என்றால் அது பிள்ளைகளை ஏற்றிவரும் நம் வேன் கதைதான். ஜூலையில் எஃப்.சி. என்ற வாகனத் தகுதிச் சான்றுக்காக ஒர்க்‌ஷாப்பில் விட்ட வண்டி, இன்று நாளை என்று இழுத்து 19 நாள் கழித்துத்தான் வெளியே வந்தது. அந்த நாட்களில் வந்த பிள்ளைகள் ஒரு நாளும் 11 பேரைத் தாண்டவில்லை. டவுன் பஸ்ஸில் மாற்றுத்திறனாளிக்கும் உடன் வருபவருக்கும் டிக்கெட் இல்லை, உண்மைதான். ஆனால் ஒன்பது வயதுப் பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டு, தோளில் பையோடு காலை நேரக் கூட்டத்தில் படியேறிப் பார்த்தவர்களுக்குத்தான் வேனின் அருமை தெரியும். வேன் நின்றால் பிசியோதெரபி நின்றுவிடும். கை கால் இறுகும். காலிப்பர் என்ற கால் தாங்கியைப் போட்டு நாலடி நடந்த பையன் அதற்குப் பிறகு மறுபடி நிற்கவே ஒரு மாதத்துக்கு மேல் ஆனது.

ரிப்பேர் செலவுக்காக நன்கொடையாளர்களுக்கு ஃபோன் செய்தேன். பார்க்கலாம் சார் என்றார்கள். அதே 19 நாளில், பிறந்தநாளுக்குச் சாப்பாடு போட வேண்டும் என்று தாங்களாகவே கூப்பிட்டவர்கள் ஆறு பேர். அவர்களை நான் குறை சொல்லவில்லை. சாப்பாடு கண்ணுக்குத் தெரிகிறது, பிள்ளைகளோடு ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளலாம். டீசலையும் டிரைவர் சம்பளத்தையும் யார் போட்டோ எடுப்பார்கள்?

சாப்பாட்டைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். பிரியாணியும் கேக்கும் கொண்டுவந்து, தங்கள் கையாலேயே ஊட்ட வேண்டும் என்கிறார்கள். நம் பிள்ளைகளில் பலருக்கு மெல்ல வராது, விழுங்குவதும் சிரமம். தலையைப் பின்னால் சாய்த்து ஊட்டினால் சோறு மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். அப்படிப் போனது நெஞ்சில் தங்கி நிமோனியாவில் கொண்டுபோய் விடும். நம் ஆயாம்மாக்கள் பிள்ளையை நிமிர்த்தி உட்காரவைத்து, தலையைச் சற்று முன்னால் குனியவைத்து, குழைய மசித்த ரசம் சாதத்தைச் சின்ன ஸ்பூனில் கொடுத்து, விழுங்கியாயிற்றா என்று தொண்டையைப் பார்த்துத்தான் அடுத்த வாய் தருகிறார்கள். ஒரு பிள்ளைக்கு முக்கால் மணி நேரம்கூட ஆகும். அதனால் செப்டம்பரிலிருந்து வெளியார் யாரும் ஊட்டக்கூடாது என்று விதி போட்டோம். ஒருவர் கோபித்துக்கொண்டு போனார். அவரே அடுத்த மாதம் ஒரு மூட்டை டயப்பரோடு வந்து நின்றார். அளவு சின்னதாகப் போய்விட்டது, சரி, கடையில் மாற்றிக் கொடுத்தார்கள். இந்த ஆண்டு வந்த உருப்படியான நன்கொடைகளில் அதுவும் ஒன்று.

அப்புறம் காகித வேலை. 1995 மாற்றுத்திறனாளிகள் சட்டத்தில் 7 ஆக இருந்த குறைபாட்டு வகைகள் 2016 சட்டத்தில் 21 ஆகிவிட்டன. நல்ல விஷயம். ஆனால் அரசின் எந்த உதவிக்கும் யுடிஐடி என்ற மாற்றுத்திறனாளி அடையாள அட்டை வேண்டும், ஆதார் வேண்டும். ஆதாருக்கு ஐந்து வயதிலும் பதினைந்து வயதிலும் கைரேகை, கருவிழியைப் புதுப்பிக்க வேண்டும். இறுக மூடிய விரலை எப்படி விரிப்பது, ஆடிக்கொண்டே இருக்கும் தலையை எப்படி நிறுத்துவது? இப்படிப்பட்டவர்களுக்கு விதிவிலக்கு இருக்கிறது. கவுண்டரில் உட்கார்ந்திருப்பவருக்கு அது தெரிந்திருக்க வேண்டுமே! ஒரு தாயார் மூன்று முறை திருப்பி அனுப்பப்பட்டார். நான்காம் முறை நம் ஆசிரியை கூடப் போனார், பத்து நிமிடத்தில் முடிந்தது. இனி முதல் முறையே நம்மில் ஒருவர் கூடப் போவது என்று முடிவு செய்திருக்கிறோம். மாதம் 2,000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகை இப்படிப்பட்ட ஒரு காகிதத்தால் நிற்கக்கூடாது.

பெற்றோர்கள் இதைக் கவனமாகக் கேட்க வேண்டும். நாலு பிள்ளைகளுக்கு இந்த ஆண்டு 18 முடிகிறது. 18 ஆகிவிட்டால் அம்மா அப்பா என்பதற்காக மட்டும் நீங்கள் சட்டப்படி பாதுகாவலர் ஆகிவிட மாட்டீர்கள். 1999 தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி, கலெக்டர் தலைமையிலான உள்ளூர்க் குழுவிடம் மனு கொடுத்துச் சான்று வாங்க வேண்டும். எங்களுக்குப் பிறகு யார் என்று கேட்டு அழுகிறவர்கள்கூட இந்த மனுவை ஒத்திப்போடுகிறார்கள். படிவம் ஆபீசில் இருக்கிறது, நிரப்ப நான் உதவுகிறேன்.

சிறப்பாசிரியை ஒருவர் விலகினார். வேறு இடத்தில் இரண்டு மடங்கு சம்பளம், தடுக்க மனம் வரவில்லை. மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு பெற்ற ஒருவரை அவர் இடத்தில் அமர்த்த ஐந்து மாதம் பிடித்தது. வளர்ந்த பிள்ளைகளைத் தூக்கித் தூக்கி ஆயாம்மாக்கள் இருவருக்கு முதுகுவலி. தூக்க உதவும் கருவி ஒன்று வாங்க வேண்டும் என்ற தீர்மானம் இன்றைய அஜெண்டாவில் வருகிறது. டிசம்பர் 3 மாற்றுத்திறனாளிகள் தின விழா வழக்கம்போல நடந்தது, மைக்தான் வழக்கம்போல வேலை செய்யவில்லை.

நன்கொடை தருபவர்களுக்கு ஒரு வேண்டுகோள். 80ஜி வரிவிலக்கு வேண்டுமென்றால் 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகத் தராதீர்கள். பான் எண்ணையும் அப்போதே கொடுத்துவிடுங்கள். மே 31க்குள் நாங்கள் வருமான வரித் துறைக்கு 10பிடி என்ற நன்கொடை விவரப் படிவம் போட்டால்தான் உங்களுக்குச் சான்று தர முடியும். மே கடைசி வாரத்தில் ஒவ்வொருவராகத் தேடிப்பிடிக்க எனக்குத் தெம்பில்லை.

இந்த அறிக்கையைப் பொதுக்குழு ஏற்க வேண்டுகிறேன். மதியச் சாப்பாடு ஒன்றரை மணிக்கு. பிள்ளைகள் சாப்பிட்டு முடித்த பிறகுதான் நமக்கு.

செயலாளர்