கணக்கு ஒரே கம்ப்யூட்டரில் கிடக்கலாமா?

ஆசிரியருக்கு வணக்கம்.

திருப்பூரில் சின்ன பனியன் கம்பெனிகளுக்குக் கணக்குப் பார்த்துக் கொடுக்கிறேன். பல இடங்களில் மொத்தக் கணக்கும் ஆபீஸ் மூலையில் இருக்கும் ஒரே கம்ப்யூட்டரில்தான் கிடக்கிறது, பேக்கப் எடுத்த பென் டிரைவும் அதே மேசை டிராயரில். ஹார்டு டிஸ்க் போனாலோ, வைரஸ் புகுந்து ஃபைல்களைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்டாலோ அந்த வருசக் கணக்கே போச்சு. இதையெல்லாம் கிளவுடுக்கு, அதாவது இணையம் வழியே பயன்படுத்தும் வெளி நிறுவனத்தின் சர்வருக்கு, மாற்றுங்கள் என்றுதான் பார்க்கிற முதலாளிகளிடமெல்லாம் சொல்லி வருகிறேன்.

பெரிய லாபம் டிசியில், அதாவது சரக்கோடு அனுப்பும் டெலிவரி சலானில், இருக்கிறது. நிட்டிங் (பின்னல்), டையிங் (சாயம்), காம்பேக்டிங் (துணி பிறகு சுருங்காமல் அமுக்கி எடுப்பது), கட்டிங் என்று துணி நாலு இடம் சுற்றுகிறது. டிசி புக்கில் எழுதியதை ராத்திரி ஒருத்தர் உட்கார்ந்து ஏற்றும் வரைக்கும் எத்தனை கிலோ எங்கே நிற்கிறது என்று முதலாளிக்கே தெரியாது. 500 கிலோ போய் 470 கிலோ திரும்பினால், மீதி 30 கிலோ வேலையின்போது குறைந்த பிராசஸ் லாஸா, இல்லை பட்டறையிலேயே நிற்கிறதா என்ற பேச்சு பில் வரும்போதுதான் கிளம்புகிறது. ஜிஎஸ்டி சட்டப்படி ஜாப் வொர்க்குக்கு (வெளியே கூலிக்குச் செய்து வாங்க) போன சரக்கு ஓராண்டுக்குள் திரும்பாவிட்டால் அதை விற்பனையாகக் கருதி வரி கேட்பார்கள். கிளவுடில் இருந்தால் வண்டி கேட்டுக்குள் நுழைந்ததும் போனிலேயே எடையைப் பதியலாம், கோயம்புத்தூரில் இருக்கும் ஆடிட்டரும் அதே கணக்கைப் பார்ப்பார்.

"நம்ம கணக்கு வெளியாள் கைக்குப் போயிருமே" என்று கேட்கிறார்கள். நியாயமான பயம்தான். ஆனால் எல்லாரும் ஒரே பாஸ்வேர்டில் நுழையும் ஆபீஸ் கம்ப்யூட்டரை விட, ஆளுக்கொரு லாகின், ஓடிபி, யார் எதைப் பார்க்கலாம் என்ற வரையறை எல்லாம் உள்ள இடம் எவ்வளவோ மேல். பெரிய கிளவுட் நிறுவனங்களின் டேட்டா சென்டர்கள் மும்பை, சென்னை, ஐதராபாத்திலேயே இருக்கின்றன. கம்பெனிச் சட்டத்தில் பதிவானவர்கள் கணக்கின் பேக்கப்பை இந்தியாவில் உள்ள சர்வரில் தினமும் வைக்க வேண்டும் என்று 2022லேயே விதி வந்துவிட்டது.

மாத வாடகை உண்டு, நெட் போனால் வேலை நிற்கும், அதற்கு இரண்டாவது இணைப்பு ஒன்று வேண்டும். அப்புறம் அக்கவுண்டை சாஃப்ட்வேர்காரர் பெயரில் திறக்க விடாதீர்கள், உங்கள் இமெயிலில் இருக்கட்டும். விலகும்போது டேட்டா முழுசாகக் கைக்கு வருமா என்பதைக் கையெழுத்துக்கு முன்பே கேட்டு எழுதி வாங்குங்கள்.

திருப்பூர், கரூர், ஈரோடு தொழில் சங்கங்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் இதற்கு ஒரு வகுப்பு வைக்க வேண்டும். முதலாளிகளோடு, டிசி எழுதும் பிள்ளைகளையும் சேர்த்து உட்கார வையுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், திருப்பூர்