ஞாயித்துக்கெழமைக்குள்ள இந்த மேப்ப பாத்துடுங்க

எல்லாருக்கும் வணக்கம். மைக்ரேஷன்ஸ் இன் மோஷன்னு ஒரு அனிமேஷன் மேப், 2016ல நேச்சர் கன்சர்வன்சிங்கற இயற்கைப் பாதுகாப்பு அமைப்பு பொதுவுல விட்டது, வட அமெரிக்கா, தென் அமெரிக்கா ரெண்டுலயும் 2,954 வகை உயிரினங்க க்ளைமேட் மாறமாற ஏத்த இடம் தேடி எந்தப் பக்கம் நகர வேண்டி வரும்னு கோடு கோடா ஓடிட்டே இருக்கும், பறவைங்க நீலம், பாலூட்டிங்க பிங்க், தவளை மாதிரி நீர்நில உயிருங்க மஞ்சள். நாம பாக்குற வருஷாந்திர வலசை இல்லங்க இது, வாழற எடமே நகர்ந்து போறது. அமெரிக்காவோட கிழக்குப் பக்கம் இருக்குற அப்பலாச்சியன் மலையோரமா அந்தக் கோடுங்க நெருக்கியடிச்சு வடக்க ஏறுறத பாத்தா மனசு பதறுது, நடுவுல சிட்டியும் ரோடும் குறுக்க நிக்குதே. ஃபோன்ல வேணாம், லேப்டாப்ல போட்டு வீட்ல பசங்களுக்கும் காட்டுங்க. ஞாயிறு பேர்டிங் வர்றவங்க பாத்துட்டு வாங்க, இதப்பத்தி பேசுவோம்.