நர்சம்மா வரும் வண்டி நிற்கக் கூடாது: வீட்டுச் செவிலியர் ஊழியத்திற்கு நன்கொடை வேண்டுகோள்

கிறிஸ்துவுக்குள் பிரியமான சபையாருக்கும், இந்த ஊழியத்தைத் தாங்கிவரும் எல்லா அன்பர்களுக்கும் குழுவின் ஸ்தோத்திரமும் வணக்கமும்.

வேலூரிலிருந்து குடியாத்தம் செல்லும் சாலையை ஒட்டிய 14 கிராமங்களில், படுத்த படுக்கையாய்க் கிடக்கும் ஏழை வியாதியஸ்தரை வாரத்தில் ஆறு நாளும் வீடு தேடிச் சென்று கவனிக்கும் நம் செவிலியர் ஊழியம், வரும் ஆகஸ்ட் 31ஆம் தேதியோடு வண்டியில்லாமல் நிற்கும் நிலைக்கு வந்திருக்கிறது. நம் வேன் வாங்கி 15 ஆண்டு நிறைவதால் அன்றோடு அதன் பதிவு முடிகிறது. அடித்தகடு துருவேறி ஓட்டை விழுந்திருப்பதால், பதிவைப் புதுப்பிக்கும் முன் பழுது பார்க்கவே 1,80,000 ரூபாய் ஆகும் என்று மெக்கானிக் கூறியிருக்கிறார். அவ்வளவு செலவிட்டாலும் மழைக்காலத்தில் ஏரிக்கரைப் பாதைகளில் அது தாங்காது என்பதால், புது வண்டி வாங்குவதென்று குழு ஒருமனதாகத் தீர்மானித்துள்ளது.

இந்த ஊழியம் எங்கிருந்து வந்தது என்பதை இளைய தலைமுறைக்குச் சொல்லாமல் பணம் கேட்பது முறையல்ல. 1870இல் இராணிப்பேட்டையில் ஒரு மிஷனரி மருத்துவரின் மகளாகப் பிறந்த ஐடா ஸ்கடர் அம்மையார், இளம் பெண்ணாகத் திண்டிவனத்தில் பெற்றோருடன் தங்கியிருந்தபோது, ஒரே இரவில் மூன்று வீட்டு ஆண்கள் பிரசவ வேதனையிலிருந்த தம் மனைவியருக்காக அவரைத் தேடி வந்தார்கள். தனக்கு மருத்துவம் தெரியாது, தன் தந்தைதான் மருத்துவர் என்று அவர் சொல்லியும், ஆண் மருத்துவரை உள்ளே விட அவர்களுடைய வழக்கம் இடம் தரவில்லை. விடிவதற்குள் அந்த மூன்று தாய்மாரும் இறந்துபோனார்கள். அந்த இரவே அவரை அமெரிக்காவுக்கு மருத்துவம் படிக்க அனுப்பியது. 1900இல் வேலூரில் ஒற்றைக் கட்டிலோடு அவர் தொடங்கிய சிகிச்சை, 1902இல் 40 படுக்கைகள் கொண்ட ஷெல் மருத்துவமனையாக வளர்ந்தது.

மருத்துவரின் பெயர் சரித்திரத்தில் நிற்கிறது. அவருக்குப் பக்கத்தில் நின்று இரத்தத்தைத் துடைத்தவர்களின் பெயர்கள் பெரும்பாலும் நிற்கவில்லை என்பது எங்களுக்கு எப்போதும் வருத்தமே. முதல் நாட்களில் சலோமி என்ற பெண்தான் உதவிக்கு நின்று, பார்த்துப் பார்த்தே செவிலியர் வேலையைக் கற்றுக்கொண்டார். அன்னியரின் மலத்தையும் சீழையும் தொடுவது இழிவு என்று ஊர் எண்ணிய காலம் அது. தங்கள் மகளை இந்த வேலைக்கு அனுப்பப் பெரும்பாலான குடும்பங்கள் கூசின. அந்தக் கூச்சத்தை மீறித்தான் 1909இல் வேலூரில் செவிலியர் பள்ளி தொடங்கப்பட்டது. 1946இல் அது பட்டப்படிப்பாகவும் உயர்ந்தது. குடியாத்தம் சாலையில் முதலில் மாட்டு வண்டியிலும் பின்பு மோட்டார் வண்டியிலும் சென்று, மரத்தடியில் மருந்துப் பெட்டியை இறக்கி வைத்துப் புண் கழுவிய ஊழியம் நடந்ததும் அக்காலத்தில்தான். இன்று நம் ஆலயத்தின் முன்வரிசையில் கைத்தடியோடு அமர்ந்திருக்கும் தாய்மாரில் சிலர் அந்தப் பள்ளியில் பயின்று, தலையில் வெள்ளைத் தொப்பியணிந்து வேலை செய்தவர்கள். அவர்கள் நடந்த சாலையில்தான் நம் வண்டி ஓடுகிறது. இதைச் சொல்லும்போது நமக்குப் பெருமை வருவது நியாயமே. அந்தப் பெருமைக்கு ஏற்ற பொறுப்பும் நமக்கு உண்டு.

அரசே ‘மக்களைத் தேடி மருத்துவம்’ என்று 2021 முதல் வீட்டுக்கு வருகிறதே, நாம் எதற்கு என்று சிலர் கேட்கிறார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். அத்திட்டத்தின் ஊழியர்கள் சர்க்கரை, இரத்த அழுத்த மாத்திரைகளைத் தவறாமல் கொண்டுவருகிறார்கள்; பல வீடுகளை நமக்குக் காட்டித் தந்ததும் அவர்களே. ஆனால் ஆழமான படுக்கைப் புண்ணுக்கு நாள்தோறும் அல்லது ஒருநாள் விட்டு ஒருநாள் கட்டு மாற்றியாக வேண்டும். ஒரு வீட்டில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து அதைச் செய்வதற்கு இன்னும் பல கைகள் தேவைப்படுகின்றன.

ஒரு வீட்டை மட்டும் சொல்கிறோம். பக்கவாதத்தால் ஓராண்டாகக் கிடக்கும் பீடித் தொழிலாளியான ஒரு பாட்டிக்கு, இடுப்பெலும்பு தெரியும் அளவுக்குப் புண் விழுந்திருந்தது. துணைக்கு இருப்பவள் 15 வயதுப் பேத்தி மட்டுமே. பாட்டியைப் புரட்டிப் போடுவதும், முறத்தை மடியில் வைத்துப் பீடி சுற்றுவதுமாகப் பள்ளியையே மறந்திருந்தாள். நம் செவிலியர் காய்ச்சி ஆறவைத்த உப்பு நீரால் புண்ணைக் கழுவி, அழுகிய சதையைக் கொஞ்சம் கொஞ்சமாக நீக்கி, ஈரத்துணி வைத்துக் கட்டினார். இரண்டு மணிக்கொரு முறை உடம்பைத் திருப்ப வேண்டும் என்று பக்கத்து வீட்டுப் பெண்களையும் கூட்டிக் கற்றுக்கொடுத்தார். எந்த நேரத்தில் எந்தப் பக்கம் என்று சுவரில் சுண்ணக்கட்டியால் ‘இடது, வலது’ என எழுதி வைத்திருக்கிறாள் பேத்தி. நான்கு மாதத்தில் புண்ணின் ஆழம் பாதியாகக் குறைந்தது. பகலில் அக்கம்பக்கத்தார் முறைவைத்துப் பார்த்துக்கொள்வதால் பிள்ளை மீண்டும் பள்ளிக்குப் போகிறாள். அந்தக் குடும்பம் நம் சபையைச் சேர்ந்ததல்ல. சேர்ந்ததா என்று செவிலியர் கேட்டதுமில்லை. இந்த ஊழியத்தில் எக்காலத்திலும் யாரும் கேட்கப் போவதுமில்லை.

இனி கணக்கு. ஸ்ட்ரெச்சர் வைக்க வசதியுள்ள புது வேன், பதிவும் காப்பீடும் சேர்த்து 7,40,000 ரூபாய். இரண்டு செவிலியருக்கு மாதம் தலா 18,000 வீதம் ஆண்டுக்கு 4,32,000 ரூபாய்; வெளியில் இதைவிடக் கூடுதல் சம்பளம் கிடைத்தும் அவர்கள் நம்மோடு நிற்கிறார்கள் என்பதைச் சபை மறக்கலாகாது. ஓட்டுநருக்கு 1,44,000. பஞ்சு, காஸ் துணி, கையுறை, சிறுநீர்க் குழாய், களிம்பு ஆகியவற்றுக்கு 1,80,000. எரிபொருளுக்கு 1,08,000. ஆக மொத்தம் 16,04,000 ரூபாய் தேவை. இதுவரை சேர்ந்திருப்பது 9,15,000. குறைவது 6,89,000 ரூபாய்.

சேர்ந்த தொகைக்குப் பின்னால் உள்ளவர்களுக்கு எவ்வளவு நன்றி சொன்னாலும் தகும். மாதர் ஐக்கிய சங்கத்தார் ஒவ்வொரு நாளும் உலை வைக்கும் முன் ஒரு பிடி எடுத்து வைத்த பிடியரிசியை விற்றே 61,000 ரூபாய் தந்திருக்கிறார்கள். அறுப்பின் பண்டிகை ஏலத்தில் ஒரு பூசணிக்காயை நான்கு முறை திருப்பிக் கொடுத்து ஏலத்தை ஏற்றிய வாலிபர்களையும், வளைகுடா நாடுகளிலிருந்து மாதந்தோறும் அனுப்பும் நம் பிள்ளைகளையும் நினைக்கிறோம். ஓய்வூதியத்தில் ஒரு மாதத் தொகையை அப்படியே உறையிலிட்டுத் தந்த ஓய்வுபெற்ற ஆசிரியர், பெயரை வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். தோல் வணிகம் செய்யும் ஓர் இஸ்லாமியக் குடும்பத்தார், தங்கள் தாயார் நம் செவிலியரின் கையில் கடைசி நாட்களை நிம்மதியாகக் கழித்ததை நினைத்து, ஆறு தண்ணீர்ப் படுக்கைகளைக் கொண்டுவந்து இறக்கினார்கள். மேற்சொன்ன பாட்டியின் பேத்தியும் 50 ரூபாய் கொடுத்தாள். வேண்டாமென்று மறுத்தும் வண்டியின் இருக்கையில் வைத்துவிட்டுப் போனாள். இவர்கள் எல்லாரையும் கர்த்தர் ஆசீர்வதிப்பாராக.

மனம் வருந்தியே அடுத்ததைச் சொல்ல வேண்டியிருக்கிறது. நம் குருசேகரத்தில், அதாவது நம் ஆயரின் பொறுப்பிலுள்ள சபை வட்டாரத்தில், 312 குடும்பங்கள் உண்டு. காணிக்கை தந்தவை 118. ஆலயக் கோபுரத்துக்கு வண்ணம் பூசக் கேட்டபோது இரண்டு மாதத்தில் முழுத் தொகையும் சேர்ந்தது. அது தவறென்று நாங்கள் சொல்லவில்லை, ஆண்டவரின் ஆலயம் அழகாக இருக்கட்டும். ஆயினும் “வியாதியாயிருந்தேன், என்னை விசாரிக்க வந்தீர்கள்” என்று மத்தேயு 25ஆம் அதிகாரத்தை உரக்க வாசிக்கிற சபை, விசாரிக்கப் போகும் வண்டிக்கு ஓராண்டாகியும் பாதியை ஒட்டியே பணம் சேர்த்திருப்பது நமக்கு அழகல்ல. ஐடா அம்மையார் தொடங்கிய மிஷன் மருத்துவமனையில் பிறந்தவர்களும், அங்கே பெற்ற படிப்பால் வெளிநாடு சென்று வீடு கட்டியவர்களும் நம்மில் எத்தனை பேர்! அவர்கள் மற்றவர்களுக்கு முன் கொடுக்கக் கடமைப்பட்டவர்கள் என்பதை அன்போடு நினைவூட்டுகிறோம்.

குடும்பத்துக்கு 3,600 ரூபாய் தந்தால் மீதமுள்ள 194 குடும்பங்களாலேயே குறைவு தீர்ந்துவிடும். மூன்று தவணையாகவும் தரலாம். இயலாதவர்கள் 50 ரூபாய் தந்தாலும் அதே மரியாதையோடு பெற்று இரசீது தருவோம். வண்டிக்கு முன்பணம் ஆகஸ்ட் 10ஆம் தேதிக்குள் கட்ட வேண்டியிருப்பதால் அதற்கு முந்திய ஞாயிறுக்குள் உங்கள் காணிக்கை வந்து சேர வேண்டும். ஒவ்வொரு ஆராதனைக்குப் பின்னும் பொருளாளர் ஆலய அலுவலகத்தில் இருப்பார். வரவு செலவுப் பேரேட்டை யார் வேண்டுமானாலும் திறந்து பார்க்கலாம். துவைத்து வெயிலில் உலர்த்திய பழைய பருத்தி வேட்டி, சேலைகளும் படுக்கை விரிப்புக்குத் தேவை. செவிலியரோடு ஒருநாள் சென்று உதவ விரும்புவோர் செயலரிடம் பெயர் கொடுக்கலாம்; வண்டி காலை ஏழு மணிக்கு ஆலய வாசலிலிருந்து புறப்படுகிறது.

கிறிஸ்துவின் பணியில்,
ஆயரும் வீட்டுச் செவிலியர் ஊழியக் குழுவினரும்