அந்த ஒரு ‘தான்’

அன்புள்ள அக்கா,

சென்னை மாரத்தானில் நான் உங்களுக்குப் பேசராக, அதாவது வேகம் பார்த்துச் சொல்லிக் கூடவே ஓடுகிறவனாக வந்து, ஜனவரி வந்தால் ஒரு வருஷம். அன்றைக்கு நடந்தது உங்களுக்கும் எனக்கும் தெரியும். கூட நின்ற நாலு பேருக்கும் தெரியும். முதலிலிருந்து எதையும் சொல்லப் போவதில்லை. 34ஆவது கிலோமீட்டர் பலகையைத் தாண்டிய அந்த ஒரு நிமிஷம் மட்டும்.

“இன்னும் எட்டு கிலோமீட்டர்தான்க்கா. கிலோமீட்டருக்கு 6:35 நிமிஷத்துல போனா அஞ்சு மணி நேரத்துக்குள்ள முடிச்சிரலாம்.”

நீங்கள் பதில் பேசவில்லை. மீடியன் கட்டையில் உட்கார்ந்தீர்கள். டீ-ஷர்ட்டில் குத்தியிருந்த பிப்பிலிருந்து, அந்த ஓட்ட எண் காகிதத்திலிருந்து, ஊக்குகளை ஒவ்வொன்றாகக் கழற்றினீர்கள். விரல்கள் வீங்கியிருந்ததால் கீழ் வலது மூலை ஊக்கு மட்டும் லேசில் திறக்கவில்லை. நாலையும் என் உள்ளங்கையில் வைத்துவிட்டுக் காகிதத்தை மடித்து இடுப்புப் பையில் போட்டுக்கொண்டீர்கள். ஊக்குகளை மூடித்தான் கொடுத்தீர்கள், எனக்குக் குத்திவிடக் கூடாதென்று. அந்த நிலையிலும்.

அந்த ‘தான்’ஐ நான் சொல்லியிருக்கக் கூடாது. நாலு மணி நேரம் ஆறு நிமிஷம் ஓடி முடித்த உடம்புக்கு எட்டு கிலோமீட்டர் என்பது இன்னும் ஒரு மணி நேரம். அதற்கு முந்தைய 13 கிலோமீட்டரை நீங்கள் 8:10 வேகத்தில்தான் இழுத்து வந்திருந்தீர்கள். அப்படிப்பட்டவரிடம் 6:35 கேட்டேன். சாமுவேலே மார்கோரா என்ற உடலியல் ஆய்வாளர் சொல்வது இதுதான்: ஓடுகிறவர் நிற்பது கால் செத்துப்போனதால் மட்டும் அல்ல. உணர்கிற சிரமம், கொடுக்கத் தயாராக இருக்கிற சிரமத்தைத் தொட்டுவிட்டால் நின்றுவிடுகிறார். இனி நடக்காது என்று தெரிந்துவிட்டாலும் நின்றுவிடுகிறார். ‘நடக்காது’ என்பதை உங்களுக்குக் கணக்குப் போட்டுச் சொன்னவன் நான்.

ஐந்து மணி நேரம் என்ற இலக்கும் என்னுடையது. 2017இல் வெளியான ஓர் ஆய்வு ஏறக்குறைய 98 லட்சம் மாரத்தான் நேரங்களை அலசியது. 3:30, 4:00 மணி நேரம் மாதிரி முழு எண்களுக்குச் சற்று முன்னால் ஆட்கள் குவிகிறார்கள், தாண்டியதும் சட்டென்று குறைகிறார்கள். அந்த எண்ணுக்கு மனுஷனை இழுக்கிற பலம் உண்டு. ஆனால் அது கைநழுவுகிறது என்று தெரிந்த நிமிஷத்தில், ஓடுவதற்கு வேறு காரணம் இல்லாதவரின் கையில் ஒன்றும் மிஞ்சாது. உங்களுக்கு வேறு காரணம் இருந்தது. பெசன்ட் நகர் பீச்சில் முதல் நாள் சொன்னீர்கள். பலர் படிக்கிற இடம் இது, அதனால் அதை இங்கே எழுத மாட்டேன். அதை ஓரமாக வைக்கச் சொல்லிவிட்டு என் 4:59ஐ உங்கள் கையில் கொடுத்தேன். மன்னித்துவிடுங்கள்.

ஆனால் ஒரு வருஷமாக ஒரு போன் கூட இல்லை. குழுவில் எல்லோரிடமும் “அவன் என்னை விரட்டிட்டான்” என்று சொல்லிவிட்டு அமைதியாகிவிட்டீர்கள். விரட்டினேன், சரி. ஓடும்போது சக்திக்காக 45 நிமிஷத்துக்கு ஒன்றாக எடுக்கச் சொன்ன இனிப்பு ஜெல்லில் இரண்டை மட்டும் எடுத்துவிட்டு மற்றதைப் பையிலேயே வைத்திருந்தது யார்? ஒன்றில் சுமார் 25 கிராம் மாவுச்சத்து. மணிக்கு 30 முதல் 60 கிராம் வேண்டிய இடத்தில் நாலு மணி நேரத்துக்கு மொத்தமே 50 கிராம். ஓட்டத்துக்குக் கிலோ எடைக்கு, கிலோமீட்டருக்கு ஏறத்தாழ ஒரு கலோரி. உங்கள் 62 கிலோவுக்கு மொத்தம் 2,600. தசையிலும் கல்லீரலிலும் சேமிப்பாக இருக்கும் மாவுச்சத்தான கிளைகோஜன் 2,000 அளவுக்குத்தான் வரும். மீதியைக் கொழுப்பு தரும், ஆனால் மெதுவாகத் தரும். வேகமாக ஓட ஓட அதன் பங்கு குறையும்.

வேகமாக ஓட வைத்ததும் நான்தான். வெயில் ஏறுவதற்குள் நேரம் சேர்த்து வைப்போம் என்று முதல் பாதியை 6:40இல் கூட்டிப் போனேன். தேவைப்பட்டது 7:06. சென்னையில் விடியற்காலை நாலு மணிக்கும் காற்றில் ஈரம் அதிகம், வியர்வை ஆவியாகாமல் வழிகிறது, உடம்பு ஆறுவதில்லை. வெயில் வருமுன்னே சூடு உள்ளே ஏறிவிட்டது. இந்த ஊரில் நேரத்தைச் சேர்த்து வைக்க முடியாது. ஒவ்வொரு மேசையிலும் இரண்டு கப் வெறும் தண்ணீர் குடிக்கச் சொன்னேனே, அதுவும் தப்பு. உப்பில்லாமல் தேவைக்கு மேல் தண்ணீர் போனால் ரத்தத்தில் சோடியம் நீர்த்துப்போகும். அந்த வீங்கிய விரல்களை அப்போதே கவனித்திருக்க வேண்டும்.

முந்தின நாள் உங்கள் வீட்டில் என்ன நடந்தது என்பது எனக்கு ஓட்டம் முடிந்த பிறகுதான் தெரிந்தது. மார்கோராவும் கூட இருந்தவர்களும் 2009இல் ஒரு சோதனை செய்தார்கள். 90 நிமிஷம் மூளையைக் கசக்கிவிட்டு சைக்கிள் மிதித்தவர்கள் சராசரி 640 விநாடியில் ஓய்ந்தார்கள், கசக்காத நாளில் 754. இதயத்திலும் தசையிலும் வித்தியாசம் இல்லை, சிரமம் மட்டும் கூடுதலாகத் தெரிந்தது. சொல்லியிருந்தால் இலக்கை அன்று காலையிலேயே தூக்கிப் போட்டிருப்பேன். சொல்லியிருக்கலாமே அக்கா. அவ்வளவு அந்நியனா நான்?

கிராகோவ் நகர மாரத்தானில் ஓடிய 62 பேரிடம் வலி எவ்வளவு என்று முடிவுக்கோட்டிலேயே கேட்டார்கள். மூன்று அல்லது ஆறு மாதம் கழித்து மறுபடி கேட்டபோது குறைத்தே சொன்னார்கள். அவர்கள் எல்லோரும் ஓடி முடித்தவர்கள். உங்களுக்கு அந்தச் சலுகை கிடைக்காமல் செய்துவிட்டேன்.

இந்த வருஷம் நான் யாருக்கும் பேசர் இல்லை, பெயரை எடுக்கச் சொல்லிவிட்டேன். நேற்று பதிவுப் பட்டியலில் உங்கள் பெயரைப் பார்த்தேன், முழு மாரத்தானில். ஏன் என்று கேட்க மாட்டேன். இவை மட்டும்: முதல் 10 கிலோமீட்டரை மூச்சு வாங்காமல் பேசுகிற வேகத்தில் போங்கள். தாகத்துக்கு மட்டும் குடியுங்கள், மோதிரம் இறுகினால் தண்ணீரைக் குறையுங்கள். 30க்குப் பிறகு மிச்ச தூரத்தை எண்ணாதீர்கள், அடுத்த விளக்குக் கம்பம் வரைக்கும் போதும். உங்களிடமே பேசும்போது ‘என்னால முடியும்’ வேண்டாம், ‘உன்னால முடியும், போ’ என்று முன்னிலையில் சொல்லுங்கள். சைக்கிள் பந்தயச் சோதனையில் அப்படிச் சொன்னவர்கள்தான் வேகமாக முடித்தார்கள். உத்தண்டி டோல்கேட் வரை போய்த் திரும்பும் நீண்ட ஓட்டங்களிலேயே பழகிக்கொள்ளுங்கள், அன்றைக்குப் புதிதாகச் சொன்னால் வாயில் வராது.

34இல் சாலையின் இடப்பக்கம் நிற்பேன். எவ்வளவு தூரம் மிச்சம் என்று சொல்ல மாட்டேன், கடிகாரமும் கட்டியிருக்க மாட்டேன். கடலை மிட்டாய் கொண்டுவரவா, பேரீச்சையா? அதை மட்டும் யாரிடமாவது சொல்லி அனுப்புங்கள்.