சரோஜாவுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள சரோஜா,

உன் கடிதம் கிடைத்தது. பேத்திக்கு நிச்சயம் ஆன சேதி கேட்டு மனசு நிறைந்தது. முழங்கால் வலி தேவலையா? இங்கே எல்லோரும் சுகம். அவருக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்து, பேப்பரைக் கண்ணாடி இல்லாமலே படிக்கிறார்.

போன மாதம் டெல்லியில் மகன் வீட்டில் இருந்தபோது, ஜெய்ப்பூர் ஹவுஸில் இருக்கிற தேசிய நவீன கலைக்கூடத்துக்குப் போனேன். அம்ரிதா ஷெர்-கில் வரைந்த 'மணமகள் அலங்காரம்' படத்தை நேரில் பார்த்தேன். கல்யாணப் பேச்சில் இருக்கும் உன்னிடம் அதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

1937-ல் வரைந்த எண்ணெய் வண்ணப் படம். நடுவில் மணப்பெண். உள்ளங்கைகளில் மருதாணிச் சிவப்பு. பின்னால் ஒருத்தி அவளுக்குத் தலை பின்னிவிடுகிறாள். பக்கத்தில் இன்னும் பெண்கள், குழந்தைகள். யார் முகத்திலும் சிரிப்பு இல்லை. கல்யாண வீடு என்றதும் நமக்குத் தோன்றுகிற கலகலப்பே அங்கே கிடையாது. மருதாணிக் கையால் எதையும் தொடக்கூடாது, பின்னி முடிக்கிறவரை தலையையும் திருப்பக்கூடாது. அவளுக்கு என்ன நடக்கப்போகிறதோ, அதற்குக் காத்திருப்பதைத் தவிர அந்த நேரத்தில் அவளால் செய்யக்கூடியது எதுவுமில்லை. நம் வீடுகளில் இந்த நேரத்தை யாராவது கவனித்திருக்கிறோமா? புகைப்படக்காரர் வருவதே எல்லாம் முடிந்த பிறகுதானே.

எண்ணெய் வண்ணத்தில் பட்டையும் ஜரிகையையும் தொட்டுப் பார்க்கலாம் போல மினுங்க வைக்கலாம். ரவி வர்மா அதில் மன்னன். பாரிஸில் முறையாகப் படித்த அம்ரிதாவுக்கும் அது கைவந்த வித்தைதான். ஆனால் 1934-ன் கடைசியில் இந்தியா திரும்பி, அப்புறம் அஜந்தாவைப் பார்த்து, கொச்சியில் மட்டாஞ்சேரி அரண்மனைச் சுவரோவியங்களைப் பார்த்து, கன்னியாகுமரி வரை வந்துபோனபின் அந்த மினுமினுப்பை விட்டுவிட்டார். நிழலைக் குறைத்து, உருவங்களைச் சுவரில் தீட்டியதுபோல் அமைதியாக உட்காரவைத்தார். அதனால்தான் நம் கண் நகைக்குப் போகாமல் பெண்ணிடமே நிற்கிறது என்று நினைக்கிறேன். எனக்கு இதுதான் அவருடைய மிகச் சிறந்த படம். 'தென்னிந்தியக் கிராமத்தார் சந்தைக்குப் போவது' படத்தைப் பலர் முதலில் சொல்வார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை.

'மணமகள் அலங்காரம்' வரைந்தபோது அம்ரிதாவுக்கு வயது 24. 28 வயதில், 1941 டிசம்பரில், லாகூரில் இறந்துபோனார். அதை நினைத்தால் இன்னும் ஆறவில்லை சரோஜா. தலை பின்னுகிறவளையும், வேறொரு படத்தில் பழம் விற்கிறவளையும் இவ்வளவு மரியாதையோடு பார்த்த ஒருவர் இன்னும் இருபது வருஷமாவது இருந்திருக்க வேண்டாமா?

புத்தகத்தில் பார்த்தால் அந்தச் சிவப்பு பாதிதான் தெரிகிறது. நீயும் ஒருமுறை நேரில் பார்க்க வேண்டும். வெயில் ஏறுவதற்குள் வருவதென்றால் சொல், மகன் வீட்டிலேயே தங்கிக்கொள்ளலாம், நானும் வருகிறேன். கலைக்கூடத்துக்குத் திங்கட்கிழமை விடுமுறை, அதைப் பார்த்து டிக்கெட் போடு.

அன்புடன்,
விசாலம்