இன்டர்ஃபெரான் கொல்வதில்லை

ஆசிரியருக்கு,

ஞாயிறு இணைப்பில் வந்த காய்ச்சல் கட்டுரையில் 'இன்டர்ஃபெரான், வைரஸைக் கொல்லும் புரதம்' என்று எழுதியிருந்தீர்கள். முப்பது ஆண்டுகள் உயிரியல் நடத்தியவனுக்குச் சும்மா இருக்க முடியவில்லை. அது வைரஸைத் தொடுவதுகூட இல்லை. தொற்றுக்குள்ளான செல், தான் தப்பாவிட்டாலும், அக்கம்பக்கத்துச் செல்களுக்கு விடும் எச்சரிக்கை அது. சேதி கிடைத்த செல் நூற்றுக்கணக்கான மரபணுக்களை முடுக்கிவிடுகிறது. வைரஸ் நுழைந்தால் மரபுச் செய்தியைத் தாங்கும் ஆர்.என்.ஏ. மூலக்கூறுகளை நறுக்கவும், புரத உற்பத்தியையே நிறுத்தவும் தயாராகிறது. தன் பிழைப்பை முடக்கி வைரஸைப் பட்டினி போடுகிற துணிச்சல்!

1957-இல் லண்டனில் ஐசக்ஸ், லிண்டன்மன் என்ற இரு ஆய்வாளர்கள், சூடேற்றிச் செயலிழக்கச் செய்த இன்ஃபுளுயன்சா வைரஸைக் கோழிக்கருவின் சவ்வில் இட்டுப் பார்த்தபோதுதான் இது பிடிபட்டது.

எனக்கு ஹெபடைடிஸ் சி என்னும் கல்லீரல் வைரஸ் தொற்று வந்தபோது வாரம் ஒரு முறை இன்டர்ஃபெரான் ஊசி போட்டார்கள். ஊசி போட்ட இரவெல்லாம் குளிர்நடுக்கம், கைகால் குடைச்சல். அசல் ஃபுளூ காய்ச்சலேதான். ஆனால் உடம்பில் ஃபுளூ வைரஸ்தான் இல்லை. காய்ச்சலில் நம்மைப் படுக்க வைப்பதில் நம் உடம்புக்கே பங்குண்டு என்று அன்றுதான் உறைத்தது. இதைப் பற்றியும் இரண்டு வரி சேர்த்திருக்கலாம்.

– ஓய்வுபெற்ற உயிரியல் ஆசிரியர்