பென்டிரைவ் அட்டையில் இன்னும் இரண்டு வரி போடுங்கள்

பென்டிரைவ் தயாரிக்கும் நிறுவனங்களுக்கும், அதைச் செருகும் கணினிக்கு இயங்குதளம் எழுதும் நிறுவனங்களுக்கும்,

வணக்கம்.

32 ஜிபி என்று அச்சிட்ட பென்டிரைவைச் செருகினால் கணினி ஏன் 29.8 என்று காட்டுகிறது என்பது உங்களுக்குத் தெரியும். நீங்கள் ஆயிரம் ஆயிரமாகப் பெருக்கி, 100 கோடி பைட்டை ஒரு ஜிபி என்கிறீர்கள். விண்டோஸ் 1024-ஆல் பெருக்கி, 107,37,41,824 பைட்டை ஒரு ஜிபி என்கிறது. உள்ளே இருக்கும் 3,200 கோடி பைட் அப்படியேதான் இருக்கிறது. பெயர் ஒன்று, கணக்கு இரண்டு. இதை உங்களுக்கு விளக்குவதற்காக நான் இந்த மடலை எழுதவில்லை. இதனால் என் வீட்டில் போன மாதம் நடந்ததைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

அம்மாவிடம் ஒரு 32 ஜிபி பென்டிரைவ் இருந்தது. பத்து வருடப் புகைப்படங்கள் அதில்தான். நாலாயிரத்துக்கும் மேல், சுமார் 17 ஜிபி. அப்பா பணி ஓய்வு பெற்ற நாளில் எடுத்த வீடியோவையும் அதில் போட்டுச் சித்தப்பாவிடம் கொடுக்க நினைத்தார். ஒரே கோப்பு, 5.2 ஜிபி. பென்டிரைவில் 12 ஜிபிக்கு மேல் காலி. காப்பி செய்தால், ‘இந்தக் கோப்பு, சேருமிடக் கோப்பு முறைமைக்கு மிகப் பெரியது’ என்று வந்தது.

‘கோப்பு முறைமை’ என்றால் என்னவென்று அம்மாவுக்கு எப்படித் தெரியும்? ‘மிகப் பெரியது’ என்பது மட்டும் புரிந்தது. இடம் போதவில்லை என்று எடுத்துக்கொண்டு ஒரு ஃபோல்டரை அழித்தார். மறுபடி அதே செய்தி. இன்னொன்றை அழித்தார். அதே செய்தி. கடைசியில் எல்லாவற்றையும் அழித்துவிட்டு, இரவு பத்து மணிக்கு எனக்கு போன் செய்தார்.

“எல்லாத்தையும் எடுத்துட்டேன் கண்ணா, இன்னும் இடம் பத்தலைங்குது.”

“12 ஜிபி காலின்னு காட்டியிருக்குமேம்மா, அதைப் பாக்கலையா?”

“பாத்தேன். 32-ன்னு மேல போட்டுட்டு உள்ள 29-தானே காட்டுது. அந்தக் கணக்கே சரியில்லாதப்ப இதை எப்படி நம்பறது?”

எனக்குப் பதில் வரவில்லை. உங்களிடம் இருந்தால் சொல்லுங்கள். முதல் எண்ணே பொருந்தாதபோது, அதற்கு அடுத்த எண்ணை ஒருவர் ஏன் நம்ப வேண்டும்?

டிரைவில் கோப்புகளை அடுக்கிக் கணக்கு வைக்கும் விதம்தான் கோப்பு முறைமை. அந்தப் பென்டிரைவ் ஃபேட்32 என்ற முறையில் ஃபார்மட் செய்து விற்கப்பட்டது. 1996-ல் விண்டோஸ் 95-இன் திருத்திய பதிப்போடு வந்த முறை அது. ஒரு கோப்பின் அளவைக் குறித்துவைக்க 32 பிட் இடம்தான் அதில் உண்டு. அதனால் ஒரே கோப்பு 429 கோடியே 49 லட்சத்து 67 ஆயிரத்து 295 பைட்டைத் தாண்ட முடியாது. அதாவது விண்டோஸ் கணக்கில் 4 ஜிபிக்கு ஒரு பைட் குறைவு. டிரைவ் முழுவதும் காலியாகக் கிடந்தாலும் 5.2 ஜிபி வீடியோ அதில் ஏறாது. அம்மா கடைசிப் படம்வரை அழித்தது எதற்குமே உதவவில்லை.

விண்டோஸில் பென்டிரைவிலிருந்து அழித்தால் ரீசைக்கிள் பின்னுக்குப் போகாது, நேராகப் போய்விடும். ஆனால் ஃபேட் முறையில் அழிப்பது என்பது, கோப்புப் பெயரின் முதல் எழுத்து இருந்த இடத்தில் ஓர் அடையாளத்தை வைத்துவிட்டு, அந்த இடம் காலி என்று பட்டியலில் குறிப்பதுதான். படம் உடனே மறைந்துவிடாது. அப்படியே விட்டிருந்தால் அநேகமாக எல்லாமே கிடைத்திருக்கும். ஆனால் அம்மா, டிரைவ் கெட்டுவிட்டதோ என்று பார்க்கச் சின்னச் சின்ன வீடியோக்களை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்திருக்கிறார். அவை ஏறின, பழைய படங்களின் மேலேயே. மீட்பு மென்பொருளில் ஒரு வாரம் உட்கார்ந்தேன். முதல் எழுத்து போன பெயர்களோடு படங்கள் வரிசையாக வந்தன. சில படங்களில் மேல்பாதி முகம் இருந்தது, கீழே சாம்பல் நிறப் பட்டை. பாட்டி கடைசியாக எங்களோடு இருந்த வருடத்தின் ஃபோல்டர் முழுவதும் அப்படித்தான்.

உங்களிடம் நான் கேட்பது இரண்டு வரி. அட்டையின் முகப்பில், 32 ஜிபி என்று பெரிதாகப் போடும் அதே இடத்தில், ‘கணினியில் சுமார் இவ்வளவு தெரியும்’ என்று ஒரு வரி. ‘ஒரே கோப்பு இவ்வளவு வரைதான் ஏறும்’ என்று இன்னொரு வரி.

பின்பக்கத்தில்தான் போட்டிருக்கிறோமே என்பீர்கள். ஒரு ஜிபி என்பது 100 கோடி பைட், பயன்படுத்தக் கிடைக்கும் இடம் குறையலாம் என்று பொடி எழுத்தில் இருக்கிறது, பார்த்தேன். எவ்வளவு குறையும் என்று அதில் இல்லையே. அந்த 4 ஜிபி வரம்பைப் பற்றி ஒரு வார்த்தைகூட இல்லை.

8 எம்பி பென்டிரைவ் விற்ற 2000-ல் இந்தக் கணக்கு வித்தியாசம் அரை எம்பிகூட வராது, யாரும் கவனித்திருக்க மாட்டார்கள். ஜிபியில் அது 7 சதவீதம். 1 டிபி, அதாவது ஆயிரம் ஜிபி என்று விற்கும் டிரைவில் 931 ஜிபிதான் தெரிகிறது. 69 ஜிபி எங்கே என்று வாங்கியவர் தேடுகிறார். 2006-ல் வெஸ்டர்ன் டிஜிட்டல் நிறுவனம் வன்தட்டுகள் பற்றிய இதே மாதிரி வழக்கு ஒன்றைச் சமரசமாக முடித்து, வாங்கியவர்களுக்கு ஒரு பேக்கப் மென்பொருளை இலவசமாகத் தந்தது. மக்களுக்குத் தேவைப்பட்டது மென்பொருள் இல்லை, புரிகிற ஓர் எண்.

இயங்குதளம் எழுதுபவர்களே, உங்களுக்கும் இதில் பங்கு உண்டு. 1024 கணக்குக்கென்று தனிப் பெயர்களைச் சர்வதேச மின்தொழில்நுட்ப ஆணையம் 1998-லேயே வகுத்துக் கொடுத்துவிட்டது. 2009-ல் மேக் கணினிகளுக்கான ஸ்னோ லெப்பர்ட் இயங்குதளம் வந்தபோது ஆப்பிள் ஆயிரம் கணக்குக்கு மாறியது. அதே பென்டிரைவ் மேக்கில் 32-ஐ ஒட்டித் தெரிகிறது, விண்டோஸில் 29.8. எந்தப் பக்கமாவது சேர்ந்து வாருங்கள். அந்தப் பிழைச்செய்தியையும் மாற்றுங்கள். ‘இடம் இருக்கிறது. ஆனால் இந்த டிரைவின் ஃபார்மட் முறையில் 4 ஜிபிக்கு மேற்பட்ட கோப்பு ஏறாது. எதையும் அழிக்க வேண்டாம்.’ இப்படி எழுத என்ன தடை? இந்த மூன்று வாக்கியம் அன்று திரையில் வந்திருந்தால் அம்மா கை வைத்திருக்க மாட்டார்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். போலி பென்டிரைவ்கள் இவ்வளவு எளிதாக விலைபோவதற்கும் இந்தக் குழப்பம் துணை போகிறது. உள்ளே இருப்பது சில ஜிபி. டிரைவை இயக்கும் கன்ட்ரோலர் சிப் மட்டும் கணினியிடம் 2 டிபி என்று பொய் சொல்லும். நிரம்பிய பிறகு போடுகிற கோப்புகள் தொலைந்துபோகும், அல்லது பழையவற்றின் மேலேயே எழுதப்படும். திறந்து பார்க்கும் நாள் வரை தெரியாது. நேர்மையான டிரைவும் அட்டையில் ஒன்று, திரையில் ஒன்று என்று காட்டினால், போலியை மக்கள் எதை வைத்துச் சந்தேகப்படுவார்கள்?

கோபத்தில் கொஞ்சம் நீட்டிவிட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். சிப்பில் பழுதாகும் பகுதிகளுக்கு மாற்றாக நீங்கள் ஒதுக்கிவைக்கும் இடத்தைப் பற்றியோ, ஃபார்மட் பட்டியலுக்குப் போகும் கொஞ்ச இடத்தைப் பற்றியோ எனக்குப் புகார் இல்லை. அதெல்லாம் தேவை. எவ்வளவு மிஞ்சும் என்பதை முகப்பில் சொல்லிவிடுங்கள் என்றுதான் தாழ்மையோடு கேட்கிறேன்.

அட்டையில் இடமில்லை என்று மட்டும் சொல்லாதீர்கள். அம்மாவுக்குப் புதிதாக ஒரு 64 ஜிபி வாங்கி, அந்த 4 ஜிபி வரம்பு இல்லாத எக்ஸ்ஃபேட் முறையில் ஃபார்மட் செய்து கொடுத்தேன். அதன் முதுகில் கட்டைவிரல் நக அளவு வெள்ளை ஸ்டிக்கர் ஒட்டி, பேனாவால் எழுதினேன்: ‘திரையில் 59.6 தெரியும். பெரிய வீடியோவும் ஏறும்.’ அவ்வளவும் அதில் அடங்கியது. அதே இரண்டு வரியை நீங்கள் அச்சிட்டுத் தாருங்கள்.

இப்படிக்கு,
உங்கள் பென்டிரைவ்களை இன்னும் வாங்கிக்கொண்டிருக்கும் ஒருவர்